சாவி வாங்கியதும் மீற்றரைப் படம் எடுங்கள்
பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ லீவுக்கு வீடு எடுத்தால், பெட்டியை இறக்குவதற்கு முன்பே வீட்டுக்காரரோடு நின்று கரண்ட் மீற்றரைப் போனில் படம் எடுத்துவிடுங்கள், யூனிட் என்ன விலை என்பதையும் அப்போதே பேசி வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பல இடங்களில் ஏசிக்கான கரண்ட் காசு வாடகையில் சேராது. யூனிட் கூடக்கூட கட்டணமும் படிப்படியாக ஏறுவதால், மாத பில்லை வைத்துப் பங்கு பிரித்தால் முன்னால் இருந்தவர்கள் ஓடவிட்ட ஏசியும் உங்கள் தலையில்தான் விழும். பழைய சுழலும் மீற்றர் என்றால் சிவப்பில் இருக்கும் கடைசி இலக்கம் தசமம், அதையும் சேர்த்து வாசித்தால் கணக்கு பத்து மடங்காகிவிடும், கவனம். வீட்டுக்காரரும் அதே மீற்றரில் இருந்தால் படம் உதவாது, நாளுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். ஏசி இல்லாத கபானாவுக்கு (சின்னக் கடற்கரைக் குடிலுக்கு) இதெல்லாம் தேவையில்லை.