'நாட்' இருக்கும் இடத்தில் 'ஆல்வேஸ்'
ஆல்வேஸ், ஆஃபன், நெவர் எல்லாம் ஆங்கில வாக்கியத்தில் எங்கே வரும் என்று குழம்பினால், மனசுக்குள் அதை எதிர்மறையாக்கிப் பாருங்கள். 'நாட்' உட்காரும் இடமே இவற்றுக்கும் இடம்.

'வேலூர் ஈஸ் நாட் ஹாட்' (யார் நம்புவார்கள்!) என்பதில் 'நாட்'டைத் தூக்கிவிட்டு ஆல்வேஸைப் போட்டால் 'வேலூர் ஈஸ் ஆல்வேஸ் ஹாட்'. 'ஷி டஸ் நாட் கோ டு காட்பாடி' என்றால் 'ஷி ஆஃபன் கோஸ் டு காட்பாடி'. டஸ் போனதும் அதிலிருந்த 'எஸ்' வினைக்குத் திரும்பிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஈஸ், கேன் போன்றவற்றுக்குப் பின், முக்கிய வினைக்கு முன் என்பதுதான் 'நாட்'டுக்கும் இந்தச் சொற்களுக்கும் பொதுவான இடம். தமிழில் 'அடிக்கடி'யை இடம் மாற்றினாலும் பெரும்பாலும் ஒப்பேறிவிடும், அதனால்தான் நமக்கு இந்தத் தடுமாற்றம்.

எவ்ரி டே, ட்வைஸ் எ வீக் போன்றவற்றுக்கு இது ஆகாது. அவை பெரும்பாலும் கடைசியில் வரும். சம்டைம்ஸ் வாக்கியத்தின் முதலிலும் வரலாம்.