மணலி, திருவொற்றியூர் பக்கம் குடியிருக்கிறீர்களா? வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள்

வடசென்னையில் மணலி, சின்னசேக்காடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே வீடு இருந்தாலும் ராத்திரி அடிக்கும் கேஸ் வாடையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்து, அதைச் சுற்றி உரக் கம்பெனி, பெட்ரோகெமிக்கல் கம்பெனி என்று வரிசையாக வந்துவிட்டன. விடிந்ததும் புகார் சொல்லப் போனால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை என்று கேட்பார்கள். அதற்குள் வாடையும் போயிருக்கும், நமக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. அதனால்தான் முதலில் நோட்டைச் சொல்கிறேன்.

சாதாரண நோட்டு போதும். "செவ்வாய், இரவு 11.40. அழுகிய முட்டை வாடை. காற்று மேற்கிலிருந்து. சின்னவனுக்கு இருமல், கண் எரிச்சல். 1 மணிக்குக் குறைந்தது." இவ்வளவுதான். காற்றின் திசையை மட்டும் விடாதீர்கள், மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரும்பாலும் பகலில் கடல்காற்று புகையை மேற்கே தள்ளும், ராத்திரி தரைக்காற்று திருவொற்றியூர்ப் பக்கம் கொண்டுவரும். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கிவிடுகிறது, வாக்கிங் போகிறவர்கள் வெயில் ஏறிய பின் போவது நல்லது.

வாடையைப் பிரித்து எழுதப் பழகுங்கள். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். அது அளவு ரொம்ப அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும், வாடை நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நம்பிவிட வேண்டாம். தீக்குச்சி உரசியது மாதிரி நெடியோடு தொண்டை கரகரத்தால் சல்ஃபர் டை ஆக்சைடு, ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுதான் முதல் எதிரி. பெட்ரோலில் இருந்து ஆவியாகக் கிளம்பும் பென்சீன்தான் எனக்குப் பெரிய கவலை. ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள் அது, ஆனால் மூக்குக்குத் தெரிவதற்கு எவ்வளவோ கீழான அளவிலேயே நாள்பட்ட ஆபத்து தொடங்கிவிடுகிறது. நம் நாட்டு வரம்பு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் வரும் காற்றுத் தர எண் எட்டு மாசுகளை வைத்துப் போடுவது, அந்த எட்டில் பென்சீன் கிடையாது. ஆப்பில் பச்சை தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. சில கண்காணிப்பு நிலையங்களில் பென்சீனையும் அளக்கிறார்கள், அதே வாரியத்தின் தளத்தில் அதைத் தனியாகப் பார்க்கலாம்.

டாக்டரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். "சளி, இருமல்" என்று மட்டும் சொன்னால் சிரப் எழுதி அனுப்பிவிடுவார்கள், வாடை வந்த ராத்திரிகளில்தான் வீசிங் வருகிறது என்று காட்டினால் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுப்பது பற்றி யோசிப்பார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உடம்பு வெளுத்துப்போவது, காரணமில்லாமல் தோலில் கன்றிய தடம், அடிக்கடி காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாஸ்க் விஷயத்தில் ஒன்று. என்95 தூசியையும் புகைக்கரியையும் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

பெரிய கசிவு என்றால் கதையே வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அப்படி ஒரு நேரத்தில் காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும், காற்றுக்குக் குறுக்காக நடங்கள். அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் ஓரளவு தாங்கும். வெளியே போக வழியில்லையா, ஜன்னலைச் சாத்தி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியை அடையுங்கள். கண் எரிந்தால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். பெட்ரோல், கேஸ் வாடை என்றால் சுவிட்சையே தொடாதீர்கள், அடுப்பும் பற்றவைக்க வேண்டாம்.

போர் தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மண்ணெண்ணெய் வாடையோ தெரிந்தால் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் அந்த ஆவி சமையலறைக் காற்றில் கலக்கும், உலோகம் எதுவும் இருந்தால் அது தண்ணீரிலேயே தங்கிவிடும். சமையலுக்கும் குடிக்கவும் வேறு தண்ணீர் பிடியுங்கள்.

அப்புறம் புகார். வாடை வந்த அன்றைக்கே சமீர் ஆப்பில் போடுங்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதுங்கள், நாலைந்து வீட்டு நோட்டுகளில் ஒரே தேதி, ஒரே நேரம் இருந்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஆலைகளால் மாசு வருகிறதா" என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். உங்கள் நோட்டில் இருக்கும் தேதியைப் போட்டு, அந்த ராத்திரி 10 முதல் 2 மணி வரை இன்ன ஆலையின் புகைபோக்கியில் பதிவான சல்ஃபர் டை ஆக்சைடு அளவின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.