வேலை மாறும் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கடிதம் கொடுக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

புது வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம் என் மகனுக்கு அம்மை போட்டது. ஆயா, எங்கள் வீட்டுப் பாட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு, "இந்த வாரம் நீ எங்கேயும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மேலாளரிடம் குடும்பப் பொறுப்பு விடுப்பு கேட்டேன். கிடையாது என்றார். முதலில் கோபம் வந்தது. சட்டத்தை எடுத்துப் படித்த பிறகு அந்தக் கோபம் என் மேலேயே திரும்பியது. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் ஆண்டுக்கு 3 நாள் தரும் அந்த விடுப்பு, ஒரே முதலாளியிடம் 4 மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான். பழைய இடத்தில் நான் உழைத்த ஏழு வருடம் இங்கே செல்லாக் காசு.

வேலை மாறும்போது சம்பளத்தைப் பார்க்கிறோம், தூரத்தைப் பார்க்கிறோம். முதல் ஆறு மாதத்தைப் பார்ப்பதில்லை. நம் சொந்த நோய்க்கான விடுப்புகூட அந்த ஆறு மாதத்தில் வேலை செய்த 26 நாளுக்கு ஒரு நாள் என்றுதான் சேரும். இந்த நிலையில், ஜனவரியில் பிள்ளை முதல் வகுப்புக்குப் போகும் அதே வாரத்தில் அம்மாவும் புது அலுவலகத்தில் கால் வைப்பதைப் போன்ற வம்பு வேறில்லை. பிள்ளை அழுது பழகட்டும். நீங்கள் மார்ச்சில் மாறுங்கள். அது முடியாதென்றால், முதல் நான்கு மாதத்துக்குள் அவசரம் வந்தால் சம்பளமில்லா விடுப்பாவது தருவார்களா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அது கெஞ்சல்.

அடுத்த தவறு பணத்தில் இடிக்கும். பேறுகால விடுப்பு 4 மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளி அதற்குச் சம்பளம் தரச் சட்டக் கட்டாயம் இல்லை என்பது பலருக்கு ஏழாம் மாதத்தில்தான் தெரிய வருகிறது. பணம் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து, நாம் யுஐஎஃப் என்று சொல்கிறோமே, அதிலிருந்து வர வேண்டும். சம்பளத்தில் 66 சதவீதம், 17.32 வாரம் வரை. அதிலும் மாதம் 17,712 ராண்டுக்கு மேற்பட்ட சம்பளம் கணக்கில் வராது. 30,000 ராண்டு வாங்குபவர் 66 சதவீதத்தை அதில் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டுத் தொட்டில் வாங்கினால் திண்டாட்டம்தான். விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 13 வாரமாவது வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே கர்ப்பமாக இருக்கும்போது வேலை மாறினால் வாரங்களை விரல் விட்டு எண்ணுங்கள்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. "நீங்கள் இனி ஊழியர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். வீட்டிலிருந்தே செய்யலாம், கையில் கூடுதலாக வரும்" என்று ஆசை காட்டுவார்கள். கைக்குழந்தைக்காரிக்குத் தேன் போல இனிக்கும். ஊழியராக இருந்தால் யுஐஎஃபுக்கு உங்கள் பங்கு 1 சதவீதம், முதலாளி பங்கு 1 சதவீதம். உண்மையான ஒப்பந்தக்காரருக்கு அந்த நிதியில் இடமே கிடையாது, பேறுகால விடுப்பும் கிடையாது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அந்தக் கூடுதல் தொகை உண்மையில் கூடுதலா என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். பழைய வேலையோடு அதை விட்டுவிட்டு, புது இடத்தில் சாவகாசமாகச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். இடைவெளி 90 நாளைத் தாண்டினால், ஏற்கெனவே உள்ள கர்ப்பத்துக்கு 12 மாதம் வரை செலவு தர மாட்டோம் என்று காப்பீட்டுத் திட்டத்தார் சொல்ல முடியும்.

இப்போது கால் சென்டர். டர்பனை ஒட்டிய உம்லங்கா பக்கம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பேசும் வேலை நம் பெண்கள் பலருக்குப் புது வாசல். எங்கள் அம்மா தலைமுறைக்கு டர்பனின் துணி ஆலைகள் எப்படியோ, இன்றைக்கு இது அப்படி. "இரவில் வேலை, பகலெல்லாம் பிள்ளையோடு" என்று சொல்லிச் சேருகிறார்கள். நியூயார்க் காலை 9 மணி என்பது அவர்களின் கோடையில் நமக்குப் பிற்பகல் 3 மணி. பள்ளி விட்டுப் பிள்ளை வீடு வந்து சோறு தின்று முடிக்கும் நேரத்தில் நீங்கள் காதில் ஹெட்போனை மாட்டுகிறீர்கள். வீட்டுப் பாடமும் இல்லை, தூங்க வைப்பதும் இல்லை. நீங்கள் திரும்பும்போது தெருவே உறங்கியிருக்கும். போதாததற்கு, அமெரிக்கர்கள் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. நவம்பரில் உங்கள் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவருக்கு அதை முன்கூட்டியே சொன்னீர்களா? லண்டன் வாடிக்கையாளர் என்றால் ஓரிரண்டு மணி நேர வித்தியாசம்தான். நேர்காணலில் எந்த நாட்டுக்குப் பேச வேண்டும் என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். மாலை 6 மணிக்குப் பிறகான வேலைக்கு, சட்டம் வகுத்த வருமான வரம்புக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடுதல் படியோ குறைந்த வேலை நேரமோ தர வேண்டும், போக்குவரத்து வசதியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையும் கேளுங்கள்.

வேலை மாறும்போது ஓய்வூதியச் சேமிப்பை எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை: ஓய்வூதியச் சேமிப்பைப் பிரித்து வைக்கும், 2024 செப்டம்பரில் வந்த இரண்டு பானைத் திட்டத்தில் சேமிப்புப் பானையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், ஆனால் எடுத்த தொகைக்கு வருமான வரி உண்டு.

கணவரை மறந்துவிட்டேன். எல்லோரும் மறக்கிறோம், அதுவும் ஒரு தவறுதான். அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 அக்டோபரில் தந்த தீர்ப்பின்படி, இருவரும் வேலையில் இருந்தால் 4 மாதமும் 10 நாளுமான விடுப்பைப் பெற்றோர் தமக்குள் பிரித்துக்கொள்ளலாம். அவர் எத்தனை வாரம் எடுப்பார் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நான் பேசாமல் விட்டது ஆயாவிடம். என் மகனை அவர் பார்த்துக்கொள்வார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். பின்வாசல் திறந்து கிடந்தது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. ஆயா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார், வீங்கிய முழங்காலில் ஈரத்துணி. பையன் அவர் காலடியில் தரையில் படுத்து அரிசி டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான். அடுப்பை அணைத்தேன். அவரை எழுப்பவில்லை.

மறுநாள்தான் கேட்டேன், வாரத்தில் எத்தனை நாள் முடியும் என்று. "மூன்று நாள். வியாழன் கோயிலுக்கு, வெள்ளி எனக்கு" என்றார். எத்தனை மாதமாக அந்தப் பதிலை வைத்திருந்தாரோ. வியாழனும் வெள்ளியும் மகன் இப்போது, வகுப்பு முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளியின் ஆஃப்டர்கேரில் இருக்கிறான். அந்தக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் என் புது வேலையின் சம்பள உயர்வு பாதியாகிறது. பேரம் பேசும்போதே அதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டியது நான்தான்.