கல்லில் நின்று லூர் எறியத் தொடங்குபவர் எதை முதலில் வாங்கவேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் வரை எங்கள் கரையில் மணலே மிகுதி. அதனால் எங்கள் தூண்டில் பழக்கங்களும் மணலையும் வாவியையும் பார்த்தே வளர்ந்திருக்கின்றன. கல்லடிப் பாலத்தருகே, போத்தலில் சுற்றிய தங்கூசி என்னும் நைலோன் நூலில் இறாலைக் குத்தி எறிவதையும், முகத்துவாரத்து மணலில் தடியை ஊன்றிவிட்டுக் காத்திருப்பதையும் இங்குள்ள பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். கல்லின்மேல் நின்று, உலோகத்தாலோ மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ செய்த பொய்யிரையை, அதாவது லூரை, எறிந்து எறிந்து இழுப்பது வேறு வேலை. மணலில் நூல் எதிலும் உரசுவதில்லை. மீனைக் கரையேற்ற நாலடி பின்னால் நடந்தால் போதும். கல்லில் நூல் சிப்பியிலும் கொட்டலசுகளிலும் உரசுகிறது, பின்னால் நடக்க இடமில்லை, காலடியிலேயே ஆழமும் அலையும் இருக்கின்றன. வாவிக்கு வாங்கிய தடியோடு கல்லுக்குப் போய், முதல் நாளிலேயே மூன்று நான்கு லூர்களைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தொழிலையே வெறுத்தவர்களை நான் அறிவேன். அவர்களுடைய குறை கைத்திறனில் இருக்கவில்லை. அவர்கள் பொருட்களை வாங்கிய ஒழுங்கில்தான் இருந்தது.

கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் றீலைப் பார்க்கத் தொடங்குகிறார். பளபளப்பும் விலையும் அதில்தான் இருக்கின்றன. மீதிப் பணத்தில் தடியும், அதற்கும் மீதியில் நூலும் வாங்கப்படுகின்றன. கல்லில் நிற்கப் போகிறவர் இந்த ஒழுங்கை அப்படியே திருப்பிப் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த எடையுள்ள லூரை எறியப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். அந்த எடையைத் தாங்கும் தடி இரண்டாவது. கல்லைத் தாங்கும் நூலும், அதன் நுனியில் கட்டும் தடித்த துண்டு நூலான லீடரும் மூன்றாவது. இவற்றுக்குப் பொருந்தும் றீல் கடைசியாக வரவேண்டும்.

எங்கள் கரைக்கு 20 முதல் 35 கிராம் வரையான லூர்களே தொடங்குபவருக்கு ஏற்றவை. இதற்குக் காரணம் காற்று. கார்த்திகை தொடங்கித் தை வரை வாடைக் காற்று கடலிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கும் நாட்களில் எங்கள் கடல் கொந்தளிக்கிறது. அந்த மாதங்களில் புதியவர் எவரும் கல்லில் ஏறக்கூடாது. கடல் தணிந்திருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. முதுகில் காற்று இருக்கும்போது 30 கிராம் லூர் தானாகவே தூரம் போகும். காற்றை எதிர்த்து 60 அல்லது 80 கிராம் உலோகத்தை எறிவதற்கான கனமான தடியை முதல் வருடத்தில் வாங்குவது வீண் செலவு. அதைக் காலை முழுவதும் வீசினால் தோள் வலிக்கும். வலிக்கிற தோளோடு நிற்பவர் கவனமும் இழக்கிறார்.

அந்த எடைக்கு 9 அடி நீளமுள்ள, இரண்டு துண்டுகளாகக் கழற்றக்கூடிய காபன் தடி போதும். தடியின் அடிப்பகுதியில் அது எறியக்கூடிய எடை அச்சிடப்பட்டிருக்கும். 15 முதல் 40 கிராம், அல்லது அதற்கு அண்மையான எல்லை எழுதப்பட்டுள்ள தடியைத் தேடவேண்டும். 10 அடித் தடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் விளிம்பைத் தாண்டி நூலைத் தூக்கிப் பிடிக்க உதவும் என்பது உண்மையே; ஆயினும் ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது நுனிப் பாரமாகத் தெரியும். கடையில் தடியைக் கையில் ஏந்தி, றீலைப் பொருத்தி, எறிவதுபோல் இருபது தடவை வீசிப் பார்க்கத் தயங்கவேண்டாம். தொலைநோக்கிபோல் உள்ளே செருகி மடியும் தடிகளைத் தவிர்க்கவேண்டும். உப்பும் மணலும் புகுந்ததும் அவற்றின் மூட்டுகள் சிக்கிக்கொள்கின்றன.

தடியில் அதிகம் பார்க்கப்படாத பகுதி நூல் ஓடும் வளையங்கள். பல இழைகளைப் பின்னிச் செய்யும் பின்னல் நூல் மிக மெல்லியது. வளையத்தின் உள்விளிம்பில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் ஒவ்வொரு எறிதலிலும் அது நூலைச் சீவிக்கொண்டே இருக்கும். எனது முதல் தடியில் நுனி வளையம் அப்படி வெடித்திருந்தது. நல்ல மீன் மாட்டிய ஒவ்வொரு முறையும் நூல் அறுந்தபோது நான் நூலைக் குறைசொல்லி மூன்று தரம் புதிய நூல் வாங்கினேன். சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சுற்றித் துடைத்துப் பார்த்தால் போதும். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்தத் தடி வேண்டாம். பழைய தடி வாங்குபவர் இந்தச் சோதனையை விடவே கூடாது.

நூலில்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கல்லில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்கின்றன. எங்கள் வீடுகளில் பழகிய நைலோன் தங்கூசி நீளும் இயல்புடையது. கொஞ்சம் உரசலையும் பொறுக்கும். ஆனால் அதே பலத்துக்கு அது பின்னல் நூலைவிட ஏறத்தாழ இருமடங்கு தடிப்பாக இருப்பதால் தூரம் போகாது; தூரத்தில் மீன் தொட்டதும் கைக்குத் தெரியாது. பின்னல் நூல் பெரும்பாலும் நீளுவதில்லை, தூரம் போகும், லூரின் ஒவ்வோர் அசைவையும் கைக்குச் சொல்லும். ஆனால் இழுபட்ட நிலையில் ஒரு சிப்பி விளிம்பைத் தொட்டால் வெட்டியதுபோல் அறுந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தவேண்டும்: றீல் நிறையப் பின்னல் நூல், அதன் நுனியில் தடித்த நைலோன் அல்லது புளோரோகாபன் லீடர்.

பின்னல் நூலில் பி.ஈ. 2 என்று தடிப்பு எண் குறிக்கப்பட்ட, நான்கு இழைகளால் பின்னிய 200 மீற்றர் சுருள் ஒன்று போதுமானது. எட்டு இழை நூல் வழுவழுப்பாகவும் சத்தமில்லாமலும் ஓடும் என்று கடைக்காரர் சொல்வார், அது சரிதான். எனினும் நான்கு இழை நூலின் ஒவ்வோர் இழையும் தடிப்பானது, கல்லின் உரசலை அது கூடுதலாகத் தாங்குகிறது, விலையும் குறைவு. மலிவு நூல்களின் உறையில் எழுதியிருக்கும் றாத்தல் கணக்கை நம்பி வாங்கவேண்டாம். அவற்றில் பல, சொன்ன பலத்தைக் காட்டுவதில்லை. லீடருக்கு 40 றாத்தல் நைலோனே தொடங்குபவருக்குப் போதும். அதை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம் வைத்து, எறியும்போது முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே நிற்கும்படி தொங்கவிட வேண்டும். முடிச்சு வளையங்களுக்குள் ஓடினால் ஒருநாள் அது அங்கே மாட்டி, லூர் மட்டும் தனியே பறந்துபோகும். இரட்டை யுனி என்று அழைக்கப்படும் முடிச்சை வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் ஐம்பது தடவை கட்டிப் பழகுங்கள். இழுத்து இறுக்குமுன் எச்சிலால் நனைக்கவேண்டும், இல்லையென்றால் உராய்வுச் சூட்டில் நைலோன் பலமிழக்கும். ஒவ்வொரு ஐந்தாறு எறிதலுக்கும் ஒருமுறை லீடரை விரல்களுக்கிடையில் உருவிப் பார்த்து, சொரசொரப்பு தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டவேண்டும். சோம்பலால் இதைத் தள்ளிப்போடுகிறவர் தன் நல்ல மீனை அந்தச் சொரசொரப்பில்தான் இழக்கிறார்.

றீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 4000 அளவுள்ள, பக்கத்தில் கைப்பிடி கொண்ட ஸ்பின்னிங் றீல் வேண்டும். கைப்பிடியைச் சுழற்றிச் சட்டென நிறுத்தும்போது பின்னோக்கி ஆடக்கூடாது. நூல் வந்து படியும் சிறு உருளை தானாகச் சுழலவேண்டும். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கமான ட்ராக்கைத் தளர்த்தி நூலை இழுத்தால் திக்கித் திக்கி வராமல் ஒரே சீராக வரவேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கும் நடுத்தர விலை றீல் போதும். உள்ளிருக்கும் போல் பெயரிங்குகளின் எண்ணிக்கையைக் கேட்டு விலை கூட்டவேண்டாம். றீலின் சுருளில் முதலில் சிறிதளவு தங்கூசியைச் சுற்றிவிட்டு அதன்மேல் பின்னல் நூலைச் சுற்றவேண்டும், அல்லாவிடில் வழுவழுப்பான பின்னல் நூல் முழுச் சுற்றும் சேர்ந்து சுருளில் வழுக்கும். விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழே நிறுத்தவேண்டும். வழிய வழியச் சுற்றினால் எறியும்போது கொத்தாகக் கழன்று சிக்குப்படும். மீன்கடையில் உள்ளது போன்ற ஒரு கைத்தராசை நூல் நுனியில் மாட்டி இழுத்து, இரண்டரை கிலோவில் ட்ராக் விட்டுக்கொடுக்கும்படி முறுக்கி வைத்தால், பெரிய பாரை ஒன்று திடீரென இழுத்தாலும் முடிச்சு பிழைக்கும்.

லூர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காமல், கல்லில் மாட்டுமா என்று முதலில் கேளுங்கள். காலடியில் கற்கள் பரவிய ஆழமற்ற இடத்தில், மூழ்காமல் மிதக்கும் லூரே புதியவரைக் காப்பாற்றும்; இழுப்பதை நிறுத்தினால் அது மேலே வந்துவிடும். ஆகையால் முதற்பெட்டியில் நீர்மேல் தண்ணீரைச் சிதறடித்து வரும் பொப்பர் 30 கிராமுக்கு அண்மையானது ஒன்று, மிதக்கும் மீன்வடிவ லூர் ஒன்று, ஆழமான இடத்துக்கென மூழ்கும் உலோக லூரான ஜிக் 30 கிராமில் இரண்டு ஆகியவை இருந்தால் போதும். விடியற்காலையில் சூடைக் கூட்டத்தைப் பாரை விரட்டும்போது நீர்மேல் சலசலப்பு தெரியும்; அப்போது பொப்பர். சீலாவும் கட்டாவும் வேகமாக ஓடும் உலோகத்தை விரும்புகின்றன, ஆகவே வெயில் ஏறிய பின் ஜிக். கல் இடுக்கில் இருக்கும் களவாவை இந்தத் தொகுதியால் தேடவேண்டாம். கடித்ததும் அது துளைக்குள் புகுந்துவிடும், லூரும் போய்விடும். கொடுவாவுக்கு ஆசைப்படுபவர் வாவி கடலோடு சேரும் இடங்களில் மென்பிளாஸ்ரிக் லூரோடு தனியாக முயலலாம். அங்கு முதலைகள் உண்டு என்பதால் நீருக்குள் இறங்கி நிற்கக்கூடாது.

கடையில் வாங்கும் லூர்களில் பெரும்பாலும் மும்முனைக் கொழுக்கிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு உறுதியான ஒற்றைக் கொழுக்கிகளை மாட்டினால் கல்லில் மாட்டுவது குறையும், கைவிரலில் ஏறிய கொழுக்கியை எடுப்பதும் எளிதாகும். ஜிக்கில் கொழுக்கியைக் கீழே தொங்கவிடாமல் மேற்பக்க வளையத்தில் மட்டும் கட்டுங்கள். லூர் கல்லில் மாட்டிவிட்டால் தடியை வளைத்து இழுக்கவே கூடாது, தடிதான் முறியும். நூலைத் துணி சுற்றிய குச்சியொன்றில் சுற்றிப் பிடித்து, தடியை நூலுக்கு நேராக வைத்து இழுக்கவேண்டும். வெறும் கையில் பின்னல் நூலைச் சுற்றியவருக்கு அது எலும்புவரை வெட்டும்.

செலவில் ஒரு பங்கைக் காலணிக்கு ஒதுக்குமாறு நான் எவரையும் வற்புறுத்துவேன். இரப்பர்ச் செருப்போடு பாசி படிந்த கல்லில் ஏறக்கூடாது. அடியில் கம்பளியோ ஆணியோ பதித்த, கணுக்காலை மூடும் காலணி வேண்டும். அத்துடன் நீண்ட மூக்குக் குறடு ஒன்று, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்று, நீண்ட பிடியுள்ள வலைக்கூடை ஒன்று. மீனை நூலில் தூக்கிக் கல்மேல் ஏற்ற முயலாமல், ஏறிவரும் அலையோடு சேர்த்து வலைக்கூடைக்குள் வழிநடத்தினால் அலையே பாதி வேலையைச் செய்யும். நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை அணியவேண்டும்.

அறுகம்குடாப் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் கடல்மேற்பரப்பு மினுங்கும் அளவுக்கு அமைதியாகத் தெரியும். ஆனால் தெற்குச் சமுத்திரத்தில் பிறந்த நெடிய அலைகள் அதே மாதங்களில்தான் அங்கு வந்து சேர்கின்றன, அலைச்சறுக்குக்காரர் உலகெங்கிருந்தும் அப்போது வருவதும் அதனால்தான். பல நிமிடங்கள் எதுவும் வராமலிருந்து, பின் நாலைந்து பெரிய அலைகள் தொடர்ந்து வரும். ஆகவே நிற்கப்போகும் கல்லைத் தூரத்திலிருந்து 20 நிமிடமாவது பார்த்துவிட்டு, மிக உயர்ந்த அலை எட்டிய ஈரக் கோட்டுக்கு மேலேதான் நிற்கவேண்டும். கறுத்து மினுங்கும் கல் அலை ஏறும் கல். வெளிறிக் காய்ந்திருப்பதே நிற்பதற்குரியது. எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையும் எட்டாதபடியால், வற்று நேரத்தை நம்பி இறங்குவதில் பயனில்லை. தனியே போகாதீர்கள்; கடலுக்கு முதுகைக் காட்டி முடிச்சுக் கட்டாதீர்கள். ஒலுவில் அலைதடுப்பில் நிற்க விரும்புபவர் துறைமுகத்தாரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். உகந்தைக்கு அப்பால் குமண தேசிய வனம் தொடங்குகிறது, அங்கு தூண்டில் போடக்கூடாது. பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் பாதையில் யானைகள் நடமாடுவதால் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் புறப்படவும் வேண்டாம்.

வீடு திரும்பியதும் ட்ராக்கை இறுக்கி, றீலையும் வளையங்களையும் லூர்களையும் நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவவேண்டும். பீய்ச்சி அடித்தாலோ வாளியில் அமிழ்த்தினாலோ உப்பு உள்ளே தள்ளப்படும். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் சவர் கலந்திருக்கும், அந்தத் தண்ணீரால் கழுவுவது கழுவாததற்குச் சமம். குடிக்கும் தண்ணீரில் ஒரு போத்தல் போதும். நிழலில் காயவிட்டு, ட்ராக்கைத் தளர்த்தி வைக்கவேண்டும். முதல் இரண்டு வாரமும் கல்லுக்குப் போகாமல், கொழுக்கி கழற்றிய ஜிக் ஒன்றோடு கல்லடி மணலில் அதிகாலையில் நின்று, லூர் நீரைத் தொடுமுன் நூலை விரலால் தடுக்கவும், றீலின் வளைகம்பியைக் கைப்பிடியால் மூடாமல் கையாலேயே மூடவும் பழகிக்கொள்ளுங்கள்; பின்னல் நூலில் விழும் காற்றுமுடிச்சுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பழகியபின் விழுவதில்லை.