கப்பலில் போய் ஹோபார்ட்டில் ஒரு நாள்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

சிட்னியிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் கிளம்பும் க்ரூஸ் கப்பல்கள் பல, ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு நாள் நிற்கும். காலையில் கட்டி, மாலையில் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலுக்குள் ஊரை எப்படிப் பார்ப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நான் அம்மாவோடு போனேன். அதனால் முட்டி வலி உள்ளவர்களுக்கும் இந்தத் திட்டம் ஒத்துவரும்.

படி 1: முந்தின இரவே கணக்குப் போடுங்கள்

இரவில் கேபினுக்கு வரும் தினசரித் தாளிலோ கப்பலின் செயலியிலோ இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று கப்பல் கிளம்பும் நேரம். இன்னொன்று, பயணிகள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய 'ஆல் அபோர்டு' நேரம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். அது மாலை 5.30 என்று வைத்துக்கொள்வோம். 4.30-க்கே துறைமுக வாசலில் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பல் 8 மணிக்குக் கட்டினாலும், வரிசையில் நின்று வெளியே வர 9 ஆகிவிடலாம். ஆக உங்கள் கையில் இருப்பது ஏழரை மணி நேரம்.

அந்த ஏழரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும். மீதி நேரத்தைக் கப்பலுக்கு நடந்து திரும்பும் தூரத்திலேயே செலவிடுங்கள். இந்தத் திட்டம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

பலருக்கும் போர்ட் ஆர்தர் போகும் ஆசை வரும். 1830 முதல் 1877 வரை கைதிகளை வைத்திருந்த இடம் அது. பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் ஹோபார்ட்டிலிருந்து கிட்டத்தட்ட 95 கிலோமீட்டர், போக மட்டுமே ஒன்றரை மணி நேரம். போவதென்றால் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போங்கள். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகக் கார் எடுத்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேரவேண்டும். சில கப்பல்கள் போர்ட் ஆர்தருக்கே நேராகப் போய் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறிய டெண்டர் படகுகளில் ஆளைக் கரை சேர்ப்பதும் உண்டு. உங்கள் பயணத்தில் அந்த நிறுத்தம் இருந்தால் கவலையே இல்லை.

இன்னொன்று, கடிகாரம். கோடையில் டாஸ்மேனியாவும் சிட்னியும் மெல்பர்னும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கின்றன. பிரிஸ்பேன் தள்ளுவதில்லை. கப்பல் பிரிஸ்பேனிலிருந்து கிளம்பியிருந்தால், கப்பலில் எந்த ஊர் நேரம் ஓடுகிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டு தூங்குங்கள்.

படி 2: விடிவதற்குள் மேல்தளத்துக்குப் போங்கள்

கடலிலிருந்து டெர்வென்ட் ஆற்றின் அகன்ற வாய்க்குள் கப்பல் நுழையும்போது, வலது பக்கம் ஒரு சின்னப் பாறைத் தீவும் அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கமும் தெரியும். அதற்கு அயர்ன் பாட் என்று பெயர். 1832-இல் ஏற்றப்பட்ட விளக்கு. அப்புறம் இடது பக்கம் மெல்ல மெல்ல குனன்யி மலை எழும். வெலிங்டன் மலை என்றும் சொல்வார்கள். குனன்யி என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய பெயர், 2013-இலிருந்து இரண்டு பெயர்களும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தே வழங்குகின்றன.

வெறும் அழகுக்காக மட்டும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. உச்சி தெளிவாகத் தெரிகிறதா, மேகம் மூடியிருக்கிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும். அன்றைய நாளை எப்படி நடத்துவது என்பது அதைப் பொறுத்தது.

படி 3: பையில் என்ன, பையில் என்ன கூடாது

கப்பல் அட்டையும் புகைப்படம் உள்ள ஓர் அடையாள அட்டையும் கட்டாயம். கடவுச்சீட்டைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும், அதையும் படமெடுங்கள். வழி தவறினால் கூப்பிட வேண்டிய எண் அதுதான். குளிருக்கு ஒரு ஜாக்கெட், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், இரண்டுமே ஒரே நாளில் தேவைப்படும். பணத்துக்கு வங்கி அட்டை போதும்.

சாப்பாட்டுப் பொருள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். காலை உணவு மேசையிலிருந்து ஓர் ஆப்பிளைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. டாஸ்மேனியா ஒரு தீவு, அதன் பழத்தோட்டங்களுக்குப் பூச்சியோ நோயோ வந்துவிடக் கூடாதென்று மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். மோப்ப நாய்கள் வரும். அம்மா பையில் மறந்துபோய்க் கிடந்த ஆரஞ்சுப் பழத்தைக் கடைசி நிமிடத்தில் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

போன் கடலில் இருக்கும்வரை ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். கப்பலின் மொபைல் சிக்னல் கட்டணம் மிக அதிகம். கரையில் இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 4: முதலில் மலை

குனன்யியின் உச்சி 1271 மீட்டர். ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நீர்முனையிலிருந்தே மலைக்குச் சுற்றுலாப் பேருந்து போகிறது. கப்பல் வரும் நாளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை. முதல் பேருந்தில் இடமில்லாமல் முக்கால் மணி நேரம் நின்றோம், ஏழரை மணி நேரத்தில் அது பெரிய இழப்பு.

கிளம்பும் முன் உச்சிச் சாலை திறந்திருக்கிறதா என்று ஹோபார்ட் மாநகராட்சியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கோடையிலும் மேலே பனி விழுவதுண்டு, விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க வெட்டிய சாலை இது, 1937-இல் திறந்தது. சார்லஸ் டார்வின் 1836 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் இங்கே வந்தபோது சாலை ஏது? காட்டுக்குள் நடந்தே ஏறினார், அதுவும் இரண்டாவது முயற்சியில்தான் உச்சியைத் தொட்டார்.

ஏறும்போது முதலில் உயரமான யூகலிப்டஸ் மரங்கள். மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, கடைசியில் பாறைகள் மட்டும் மிஞ்சும். ஆர்கன் பைப்ஸ் என்று சொல்லும் செங்குத்தான கல் தூண்களைத் தவறவிடாதீர்கள், டாலரைட் என்ற எரிமலைக் குழம்புப் பாறை குளிர்ந்து இறுகும்போது வெடித்து உருவான தூண்கள் அவை. உச்சியில் காற்று பேச்சையே அடித்துக்கொண்டு போகும். கண்ணாடி ஜன்னல்கள் வைத்த ஒரு கூடம் உண்டு, பெரியவர்களை அங்கே உட்கார வைக்கலாம். கீழே ஆறு, பாலம், கடல், அதற்குள் தீப்பெட்டி அளவில் நம் கப்பல். அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் மூடிய நாளாக இருந்தால் மலையை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் மோனா என்ற கலை அருங்காட்சியகம். புரூக் ஸ்ட்ரீட் படகுத்துறையிலிருந்து படகில் அரை மணிக்கும் குறைவு. 2011-இல் திறந்தது, மணற்பாறையைக் குடைந்து பூமிக்கடியில் கட்டியிருக்கிறார்கள். வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும், பார்த்துப் பதிவுசெய்யுங்கள். குழந்தைகளுக்கு ஏற்காத படைப்புகள் சில உள்ளே இருக்கின்றன. மலை, மோனா இரண்டையும் ஒரே நாளில் முயற்சி செய்யவேண்டாம்.

படி 5: மதியத்துக்கு மேல் கரையோரம்

ஒரு மணிக்குள் கீழே வந்துவிட்டால் மீதி எல்லாம் நடைதான். கப்பல் கட்டும் மக்குவாரி துறையிலிருந்து சலமங்கா பிளேஸ் வரை நிதானமாக நடந்தால் இருபது நிமிடம், முழுக்கச் சமதரை. வழியில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் விக்டோரியா டாக், சிட்னி ஹோபார்ட் பாய்மரப் போட்டியின் படகுகள் வந்து கட்டும் கான்ஸ்டிடியூஷன் டாக். அண்டார்க்டிகாவுக்குப் போகும் நுயினா என்ற செந்நிறப் பனியுடைப்புக் கப்பலின் ஊரும் இதுதான். அது துறையில் நின்றால் நின்று பாருங்கள்.

சலமங்காவில் வரிசையாக நிற்கும் மணற்கல் கட்டடங்கள் ஒருகாலத்தில் திமிங்கில எண்ணெயும் கம்பளியும் தானியமும் அடுக்கிய கிடங்குகள். சனிக்கிழமையானால் இங்கே சந்தை. 1972-இலிருந்து நடக்கிறது. காலை 8.30 முதல் மதியம் 3 மணி வரைதான், ஆக சனிக்கிழமை இறங்குகிறவர்கள் மலையைச் சுருக்கிச் சந்தைக்கு வந்துவிடலாம்.

அங்கிருந்து கெல்லி படிக்கட்டு ஏறினால் பேட்டரி பாயின்ட் என்ற பழைய குடியிருப்புப் பகுதி. முட்டி வலி என்றால் படி வேண்டாம், பக்கத்திலேயே மான்ட்பீலியர் ரிட்ரீட் என்ற சாய்வான தெரு மேலே கொண்டு போய்விடும். நாங்கள் அப்படித்தான் போனோம். மேலே ஆர்தர் சர்க்கஸ் என்ற இடத்தில் ஒரு சின்ன வட்டப் புல்வெளி, அதைச் சுற்றிப் பழைய குட்டி வீடுகள். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 6: சாப்பாடு

ஸ்காலப் பை (pie) கட்டாயம் கேளுங்கள். கடற்சிப்பி இறைச்சியைக் கறிப்பொடி போட்ட குழம்பில் கொதிக்கவைத்து மாவுக்குள் அடைத்துச் சுடுவார்கள். நம் வீட்டுக் காரம் இருக்காது, மஞ்சள் வாசனையோடு கொஞ்சம் இனிப்பாக இருக்கும். டாஸ்மேனியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கீன்ஸ் என்று ஒரு கறிப்பொடி பிறந்திருக்கிறது, தெற்கு ஹோபார்ட் பக்கம் ஒரு மலைச்சரிவில் அதன் பெயரையே பெரிய எழுத்தில் பதித்திருக்கிறார்கள்! அசைவம் சாப்பிடாதவர்கள் காய்கறிப் பை கிடைக்குமா என்று கேட்கலாம். டிசம்பர், ஜனவரியில் போனால் செர்ரிப் பழம் வாங்கிக் கரையிலேயே தின்றுவிடுங்கள். லெதர்வுட் என்ற காட்டுப் பூவின் தேன் இந்தத் தீவுக்கே உரியது. ஆனால் கப்பலின் அடுத்த நிறுத்தம் நியூசிலாந்து என்றால் தேன் வாங்கவேண்டாம், அங்கே இறக்கவிட மாட்டார்கள்.

படி 7: திரும்புதல்

நான்கு மணிக்கு சலமங்காவை விட்டுக் கிளம்புங்கள். 4.30-க்கு வாசல், அடையாள அட்டை, பை சோதனை, பிறகு கேபின். முகம் கழுவிவிட்டு மறுபடி மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். காலையில் இடது பக்கம் பார்த்த மலை இப்போது வலது பக்கம் இருக்கும். அயர்ன் பாட் கடந்து திறந்த கடல் வரும்வரை அங்கேயே நிற்கலாம், ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.