ரியோஹா உருளைக்கிழங்குக் குழம்பு: கிழங்கை முழுசாக வெட்டாதீர்கள்

வடக்கு ஸ்பெயினில் லா ரியோஹா பக்கம் குளிர் தொடங்கிவிட்டால் அடிக்கடி அடுப்பில் ஏறுவது 'படாடாஸ் அ லா ரியோஹானா'. உருளைக்கிழங்கும் சோரிஸோ என்ற பன்றியிறைச்சி சாசேஜும் சேர்ந்த குழம்பு. மாவு கரைத்து ஊற்றுவதில்லை, தேங்காய் இல்லை, கிரீம் இல்லை. ஆனாலும் கரண்டியில் ஒட்டுகிற அளவுக்குக் கெட்டியாக இருக்கும். அதற்குக் காரணம் கிழங்கை நறுக்கும் விதம். அங்குள்ள லோக்ரோன்யோ நகரில் என் மாமியார் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதைத்தான்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு, 250 கிராம் சோரிஸோ, ஒரு பெரிய வெங்காயம், ஒரு பச்சைக் குடைமிளகாய், மூன்று பல் பூண்டு, இரண்டு சோரிசேரோ மிளகாய் வற்றல், ஒரு லாரல் இலை (பே லீஃப்), ஒரு டீஸ்பூன் பிமென்டோன் (ஸ்பானிய மிளகாய்ப் பொடி), ஆலிவ் எண்ணெய், உப்பு. சோரிஸோவில் அழுத்தினால் மெத்தென்று இருப்பதை வாங்குங்கள். அப்படியே சீவிச் சாப்பிடுவதற்காக நன்றாகக் காயவைத்த வகை குழம்பில் போட்டால் கட்டைபோல் ஆகிவிடும்.

சோரிசேரோ காரமே இல்லாத வற்றல். விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பிறகு பிளந்து, கத்தியின் முதுகால் உள்சதையை மட்டும் வழித்தெடுங்கள். தோல் வேண்டாம்.

இப்போது கிழங்கு. தோலைச் சீவிக் கழுவிவிடுங்கள். கத்தியைப் பாதிக்குமேல் கொஞ்சம் இறக்கி, அங்கேயே நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பி நெம்புங்கள். 'டக்' என்று துண்டு பிய்ந்து வரும். உடைந்த பக்கம் சொரசொரப்பாக இருக்கும். வேகும்போது அந்தப் பக்கத்திலிருந்துதான் மாவுச்சத்து குழம்பில் இறங்குகிறது. வழவழவென்று சதுரமாக நறுக்கிய கிழங்கில் அவ்வளவு இறங்காது. உடைத்த பிறகு மறுபடி கழுவவே கூடாது. எத்தனையோ குறிப்புகளில் இதை ஒரு வரியில் சொல்லிப் போய்விடுகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடி கனமான, இரண்டு பக்கமும் பிடியுள்ள பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, பொடியாக அரிந்த வெங்காயம், குடைமிளகாய், பூண்டைச் சிறு தீயில் வதக்குங்கள். கால் மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதீர்கள். அப்புறம் விரல் தடிமனில் வெட்டிய சோரிஸோவைப் போட்டால் எண்ணெய் சிவக்கும். கிழங்கையும் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டுங்கள்.

பிமென்டோனைப் போடும்முன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். மேற்கு ஸ்பெயினில் எக்ஸ்திரமதூராவின் லா வேரா பகுதியில் மிளகாய்ப் பழங்களை ஓக் விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்தி அரைக்கிற பொடி அது. சூடான எண்ணெயில் சில நொடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். அத்தனை புகை மணமும் வீண். தூவி, ஒரு கிளறு கிளறி, உடனே கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். வழித்த சோரிசேரோ சதையையும் லாரல் இலையையும் சேர்த்து மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

மிதமான தீயில் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டினால் கிழங்கு குழைந்துவிடும், அதனால் பிடிகளைப் பிடித்து அவ்வப்போது பாத்திரத்தையே ஆட்டிவிடுங்கள். சோரிஸோவிலேயே உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்து உப்பு போட்டால் போதும். நீர்த்திருந்தால் இரண்டு துண்டுகளை மசித்து விடுங்கள்.

இறக்கிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஸ்பெயினிலேயே வழி உண்டு. சோரிஸோ இல்லாமல் செய்வதை 'படாடாஸ் வியுதாஸ்' என்பார்கள். அதற்குப் பிமென்டோனை ஒன்றரை டீஸ்பூனாக்கி, வெங்காயத்தை இன்னும் நன்றாக வதக்குங்கள். எதுவானாலும் தொட்டுக்கொள்ள ரொட்டியும், வினிகரில் ஊறிய கிந்தியா பச்சை மிளகாயும் பக்கத்தில் இருக்கட்டும்.