550 ரூபாய் மாடல் நீராவி எஞ்சினை ஒழுங்காக ஓட வைப்பது எப்படி?

பெரம்பூரில் வளர்ந்தவனுக்கு ரயில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பக்கம் லோகோ ஒர்க்ஸ், இன்னொரு பக்கம் கேரேஜ் ஒர்க்ஸ், கொஞ்சம் தள்ளி ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப். 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்த இ.ஐ.ஆர்.21 என்ற நீராவி எஞ்சினை 2010ல் மறுபடி ஓட வைத்தது எங்கள் லோகோ ஒர்க்ஸ்தான். நான் ஓட வைத்தது உள்ளங்கை நீள மாடல் எஞ்சின்; பார்க்கத்தான் நீராவி, உள்ளே இருப்பது மின் மோட்டார். மூர் மார்க்கெட்டில் பழைய கேசட்டுகளுக்கும் கால்குலேட்டர்களுக்கும் நடுவில் கிடந்தது. கடைக்காரர் 800 சொன்னார், 550க்கு முடிந்தது.

எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. பெரிய சக்கரங்களைத்தான் மோட்டார் சுற்றுகிறது. கரியும் தண்ணீரும் வைக்கும் டெண்டர் தனி வண்டியாகப் பின்னால் மாட்டியிருக்கும். தண்டவாளத்தில் வைத்தால் இரண்டடி போகும், நிற்கும். விரலால் தட்டினால் துள்ளும், மறுபடி நிற்கும். எல்லோரும் மோட்டார் போச்சு என்பார்கள். பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், அதற்குத் தண்டவாளத்தில் இருந்து கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் பெயின்ட், புகை, சத்தம் எல்லாம் அப்புறம்.

வாங்கும்போதே ஒரு சோதனை

சட்டைப் பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு ஒயர் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரண்டு முனையிலும் தொட்டதும் சுற்றினால் வாங்கலாம். "உம்" என்று மட்டும் சத்தம் வந்தால் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம், அதுவும் சரி செய்யக்கூடியதுதான். பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

எஞ்சினோடு அமெரிக்காவிலிருந்து வந்த பவர் பாக்ஸையும் சேர்த்துத் தருவார்கள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் சொருகவே கூடாது. 12 வோல்ட், 1 ஆம்ப் டிசி அடாப்டரும், ரிச்சி தெருவில் கிடைக்கும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் போர்டும் போதும்.

கழற்றுவது

வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் போனில் ஒரு படம். மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கரித் துண்டான கார்பன் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்பிரிங்தான் பெரிய வில்லன். என்னுடையது பறந்துபோய், போகிப் பண்டிகைக்கு பீரோவை நகர்த்தியபோதுதான் கிடைத்தது. அதுவரை பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டு ஓட்டினேன். அது ரொம்ப விறைப்பு; பிரஷ் வேகமாகத் தேய்ந்து, கம்யூடேட்டரில், அதாவது பிரஷ் உரசும் செம்பு வளையத்தில், கோடு விழுந்ததுதான் மிச்சம். பழைய ஸ்பிரிங் தொலைந்தால் அதே மென்மையில் வேறு தேடுங்கள்.

சுத்தம், எண்ணெய்

ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துப் பழைய கிரீஸ் முழுவதையும் எடுங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ வேண்டாம். கம்யூடேட்டரில் மூன்று செம்புத் துண்டுகள் இருக்கும். அவற்றின் நடுவில் உள்ள இடுக்குகளில் கரி அடைந்திருக்கும், பல்குச்சியால் நோண்டி எடுங்கள். சக்கரங்களுக்கு, எஞ்சினைத் தலைகீழாக வைத்து, பேட்டரியால் மோட்டாரைச் சுற்ற விட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியைச் சக்கர விளிம்பில் பிடித்தால் கறுப்பாக வரும். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும்.

எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு, அச்சு சுற்றும் இடங்களில் மட்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் யோசனை எனக்கும் வந்தது. மார்கழியில் பாட்டிலுக்குள் அது என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

கரண்ட் வரும் வழி

உயிர்நாடி இங்கேதான். பழைய மலிவு எஞ்சின்களில், எஞ்சினின் சக்கரங்கள் வலது தண்டவாளத்தில் இருந்து மட்டும் கரண்ட் எடுக்கும், டெண்டர் இடது தண்டவாளத்தில் இருந்து மட்டும் எடுக்கும். மறு பக்கச் சக்கரங்களுக்கும் அச்சுக்கும் நடுவில் பிளாஸ்டிக் இருப்பதால், அவை சும்மா உருண்டுகொண்டிருக்கும். டெண்டர் எடுத்த கரண்ட், இரண்டையும் இணைக்கும் கொக்கி வழியாகத்தான் மோட்டாருக்கு வர வேண்டும். அந்தக் கொக்கி ஒரு ஆணியில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு என்றால் கடல் காற்றில் அதில் களிம்பே பிடித்திருக்கும்.

முதலில் கொக்கியை நம்புவதை நிறுத்துங்கள். டெண்டரின் உலோகச் சட்டத்தில் இருந்து மோட்டாரின் அந்தப் பக்க முனைக்கு, மெல்லிய, நன்றாக வளையும் ஒயர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். திருப்பத்தில் இழுக்காத அளவுக்குத் தளர்வாக விடுங்கள். எனக்கு இது ஒன்றிலேயே பாதிக் கோளாறு போய்விட்டது.

அடுத்து, சும்மா உருளும் சக்கரங்களையும் வேலை வாங்க வேண்டும். 0.3 மி.மீ. பாஸ்பர் ப்ரான்ஸ் (phosphor bronze) என்ற, ஸ்பிரிங் போல வளையும் வெண்கலக் கம்பி வாங்குங்கள். செம்புப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டில் விரல் நக அளவு வெட்டி, எஞ்சின் அடியில் ஒட்டுங்கள். கம்பியை அதில் சால்டர் செய்து, மறு முனை சக்கரத்தின் உள்பக்க உலோக விளிம்பை லேசாகத் தொடும்படி வளையுங்கள். எஞ்சினின் இடது சக்கரங்களில் இருந்து வரும் ஒயர் டெண்டர் ஒயரோடு சேர வேண்டும். டெண்டரின் வலது சக்கரங்களில் இருந்து வருவது எஞ்சின் சட்டத்தோடு சேர வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஷார்ட். ரப்பர் வளையம் போட்ட சக்கரத்துக்குக் கம்பி வேண்டாம், ரப்பரில் கரண்ட் வராது.

எவ்வளவு அழுத்தம் என்பது விரலுக்குத்தான் தெரியும். டெண்டரை மேசையில் வைத்து ஊதினால் நகர வேண்டும். நகரவில்லை என்றால் கம்பி பிரேக் போடுகிறது என்று அர்த்தம். கடைசியில் மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பாருங்கள். இடது சக்கரமும் எஞ்சின் சட்டமும் சேர்ந்து பீப் அடித்தால், எங்கோ ஒரு கம்பி சட்டத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள் (மோட்டார் சுருள் வழியாகவும் பீப் வரலாம்).

என் எஞ்சின் முன்பு 6 வோல்ட்டில் துள்ளிக் கிளம்பும். இப்போது 3 வோல்ட்டிலேயே ஊர்ந்து கிளம்புகிறது.

எடை

ஓடுகிறது, ஆனால் மூன்று பெட்டி மாட்டினால் சக்கரம் வழுக்குகிறது. எடை போதவில்லை. இதற்கு வடசென்னைக்காரர்கள் எங்கும் அலைய வேண்டாம். காசிமேட்டில் வலை, தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய்ச் சின்ன ஈயக் குண்டு கேட்டேன்.

"எந்த மீனுக்குப்பா?"

"மீனுக்கு இல்லண்ணா, ரயில் எஞ்சினுக்கு."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார்.

சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, பாய்லர் கூட்டுக்குள் வையுங்கள். நடுப் பெரிய சக்கரத்தின் அடியில் ஒரு பென்சிலை வைத்தால் எஞ்சின் தராசு போல நிற்க வேண்டும். மூக்குப் பக்கம் கனத்தால் பின்பக்கப் பெரிய சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். இரண்டு ட்யூப் கலந்து ஒட்டும் எபாக்சிதான் சரி. மரவேலைக்கு ஊற்றும் வெள்ளைப் பசை ஈயத்தோடு சேர்ந்தால், நாளாக நாளாக உப்பிக் கூட்டையே பிளந்துவிடும். ஈயம் மின்சாரம் கடத்தும், மோட்டார் முனைகளில் படாமல் டேப் சுற்றுங்கள். அது விஷமும்கூட, வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எங்கே நிறுத்துவது? எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் கையால் பிடித்து நிறுத்துங்கள். சக்கரம் வழுக்கிச் சுற்றினால் நல்லது. சுற்றாமல் மோட்டார் முனகினால் எடை அதிகம், சுருள் கருகும். ஒரு குண்டை எடுத்துவிடுங்கள்.

விளக்கும் கரியும்

பழைய குண்டு பல்பு சூட்டில் கூட்டை உருக்கும். வெண்மஞ்சள் எல்இடி ஒன்று, அதோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ரிவர்ஸில் எல்இடி கெடாமல் இருக்க ஒரு சின்ன டயோடு. மூன்றையும் வரிசையாகச் சால்டர் செய்தால் முடிந்தது. ரிவர்ஸில் எரியாது, அது பரவாயில்லை. ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் கண்ட்ரோலுக்கு ஆசைப்பட்டால், மோட்டாரின் இரண்டு முனையையும் சட்டத்தில் இருந்து முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். முதல் எஞ்சினில் வேண்டாம் என்பேன்.

டெண்டரில் அச்சடித்த பிளாஸ்டிக் கரி இருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனிடம் ஒரு கை கரி வாங்கி, பழைய துணியில் சுற்றி உடைத்து, தேயிலை வடிகட்டியில் சலியுங்கள். வடிகட்டி மேல் நிற்கும் குறுணைதான் நமக்கு வேண்டியது. ஈயம் இல்லாத இடமாகப் பார்த்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை தடவித் தூவுங்கள். அடுப்புக் கரி மங்கலாக இருக்கும், நிஜ நிலக்கரியில் பளபளப்பு உண்டு. காய்ந்ததும் மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் டெண்டரை மாட்டுங்கள்.